கடலோரத்தில் சற்றே திரும்பி நிற்கும் பள்ளிவாசல்

கேள்வி: இஸ்தான்புல்லின் உஸ்குதார் கரையில் ஷெம்சி பாஷா பள்ளிவாசலைக் கண்டேன். எங்கள் ஜும்ஆ பள்ளியில் பாதிகூட இராது. இதையும் பெரும் கட்டடக் கலைஞர் மிமார் சினான்தான் கட்டினாரா? கடற்சுவருக்கு இணையாக நிற்காமல் கோணலாக நிற்பது ஏன்? அதன்மேல் பறவைகள் அமர்வதில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், குளச்சல்

பதில்: சினான் கட்டியதேதான். எதிர்னே நகரின் செலிமியே பள்ளிவாசலில் ஏறத்தாழ 31 மீட்டர் அகலக் குவிமாடத்தை எழுப்பியவர், சில ஆண்டுகள் கழித்து, 90 வயதை ஒட்டிய முதுமையில், 1580-81இல் இதைக் கட்டினார். இதன் ஒற்றைக் குவிமாடத்தின் அகலம் 8 மீட்டர் அளவே. சதுர அறையின் நான்கு மூலைகளிலும் அரைக்கிண்ண வடிவ வளைவுகளை எழுப்பி, அவற்றால் சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் குவிமாடத்தை ஏற்றியிருக்கிறார்.

கோணலுக்குக் காரணம் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை. குமரி மாவட்டத்தில் நாம் மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக நின்று தொழுகிறோம். இஸ்தான்புல்லிலிருந்து மக்காவோ தென்கிழக்கில் இருக்கிறது. கரை ஒரு பக்கம் ஓட, தொழும் திசை வேறு பக்கம் அமைந்ததால் பள்ளி திரும்பியே நிற்க வேண்டியதாயிற்று. சாதாரணக் கொத்தனாருக்கு இது தலைவலி. சினானோ ‘ட’ வடிவில் மதரசாவை இரு புறமும் வளைத்து, கடற்பக்கச் சுவரில் கம்பியிட்ட சன்னல்களைத் திறந்து, உள்முற்றத்தில் நிற்பவருக்கும் பாஸ்பரஸ் நீரிணை தெரியும்படி செய்துவிட்டார். குவிமாடத்தைவிட இந்த இட அமைப்பையே நான் பெரிதாக மதிப்பேன்.

பள்ளியின் பக்கச் சுவரை ஒட்டியே அதைக் கட்டுவித்த ஷெம்சி அகமது பாஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உலோகக் கம்பித் தடுப்பு மட்டுமே உள்ளதால், தொழுமிடத்திலிருந்தே கப்ர் தெரியும். அடக்கத்தலம் என்றதும் நமக்குத் தக்கலை பீர் முகமது அப்பா தர்கா நினைவுக்கு வரலாம். ஆனால் அப்பா ஞானி, பாடல்கள் இயற்றியவர். பாஷாவோ மாகாணங்களை ஆண்டு, சுல்தான் மூன்றாம் முராதின் நெருக்கத்தைப் பெற்ற அரசவை மனிதர்.

பறவைகளைப் பற்றிய பேச்சு ஊர் வழக்கு. பாஸ்பரஸ் நீரிணை மர்மரா கடலோடு சேரும் முனைக்கு அருகே பள்ளி நிற்பதால், அங்கு மோதும் காற்றில் பறவைகள் தங்குவதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். எச்சம் படாத பள்ளி வேண்டுமென்று பாஷா கேட்டதாகச் சொல்லும் கதையை, கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.