ஓடாத ஆலை

கேள்வி: நெதர்லாந்தில் பழைய காற்றாலைகளைப் பராமரிக்க நிறையச் செலவழிக்கிறார்களாம். ஒன்றிரண்டைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாமே?

பதில்: விட்டது போக மிஞ்சியவைதான் இவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஏறத்தாழ 10,000 காற்றாலைகள் இருந்தன. இன்று நிற்பவை 1,200 அளவில்தான் இருக்கும். காற்று எழும்வரை காத்திருக்கத் தேவையில்லாத நீராவி எஞ்சின், தாழ்நிலங்களிலிருந்து நீர் இறைக்கும் அவற்றின் வேலையைப் பறித்துக்கொண்டது. ஹார்லெம் ஏரியை 1852இல் வற்றச் செய்தவை மூன்று நீராவி இறைப்பு நிலையங்களே. மாவு ஆலைகளின் கதை சற்று வேறு. 1870களுக்குப் பின் பரவிய, தானியத்தை உருளைகளுக்கிடையே நசுக்கி அரைக்கும் உருளை ஆலைகள், திரிகைக் கல்லால் தர இயலாத வெள்ளை வெளேரென்ற மாவைத் தந்தன. எஞ்சினோடு சேர்ந்து வாங்குபவரின் ருசியும் கல்லைத் தோற்கடித்தது. இடிப்பதைத் தடுக்க 1923இல் ஒரு சங்கம் தோன்றியதால்தான் நீங்கள் கேட்கும் அளவுக்காவது அவை எஞ்சியுள்ளன.

கேள்வி: அப்படியானால் பழுதுபார்த்துப் பூட்டி வைத்தால் போதாதா? எதற்காக ஓட்ட வேண்டும்?

பதில்: ஆலையைப் பூட்டுவதைவிட அதற்குப் பெரிய கேடு இல்லை என்பேன். நின்றுவிட்ட இறக்கையில் மழைநீர் ஒரே பக்கமாக ஊறுகிறது, அசைவில்லாத உத்தரத்தில் வண்டு குடியேறுகிறது, எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதைச் சொல்ல ஆளும் இருப்பதில்லை. அந்த ஆள்தான் முக்கியம். திரிகைக் கல்லின் வரிப்பள்ளங்கள் தேயும்போது, மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளியால் வரி வரியாகக் கொத்த வேண்டும். கொத்தியது சரியா என்பதை, விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்தே ஆலைக்காரர் அறிகிறார். மரப்பற்சக்கரத்திலும் இப்படியொரு சூட்சுமம் உண்டு: பெரிய சக்கரத்தில் 60 பற்களும் சிறியதில் 20 பற்களும் வைத்தால், சிறியதன் ஒவ்வொரு பல்லும் அதே மூன்று பற்களோடுதான் மோதும், ஒரு பல் கூட்டி 61 ஆக்கிவிட்டால், எல்லாப் பற்களோடும் முறைவைத்துச் சேர்ந்து, தேய்மானம் சமமாகப் பரவும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். புயல் வரும் முன் இறக்கைகளை நிறுத்தும் நேரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. தாமதித்துத் தடையைப் போட்டால், உராய்வுச் சூட்டில் ஆலையே தீப்பற்றும். 1972இல் அங்கே தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் தொடங்கப்பட்டதும், 2017இல் யுனெஸ்கோ அந்நாட்டு ஆலைக்காரரின் கைத்தொழிலையே மரபுச்செல்வமாக ஏற்றதும் இக்காரணத்தால்தான். இறக்கைகளை நிறுத்தும் நிலையிலும் ஒரு மொழி உண்டு: 2014இல் டச்சுக்காரர் பலர் பயணித்த மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது பல ஆலைகள் இறக்கைகளைத் துக்க நிலையில் நிறுத்தின. செங்குத்து நிலையைச் சற்றே தாண்டி நின்றால் துக்கம், அதற்குச் சற்று முன் நின்றால் மகிழ்ச்சி.

கேள்வி: ஆற்றுநீரால் ஓடும் நீராலைகளின் தடுப்பணைகளை, மீன்கள் தடையின்றி ஏறிச்செல்வதற்காக அகற்றுவது சரியா?

பதில்: எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த கணக்கிலேயே ஏறக்குறைய 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. அக்காலத்தில் காற்றாலை அங்கு வந்திருக்கவில்லை என்பதால் பெரும்பாலானவை நீராலைகளே. அத்தனை தடுப்புகளையும் காப்பது நடவாது, தேவையுமில்லை. சக்கரமும் கல்லும் போய் வெறும் சுவர் மட்டும் நிற்கும் இடத்தில் ஆற்றை விட்டுவிடலாம். சக்கரம் சுழலும் இடத்திலோ, தடுப்பணையின் ஓரமாக மீன் ஏறிச்செல்லப் படிவழி அமைக்க முடியும். அதற்கான செலவை ஆலைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது முறையன்று.