கேபிள் இழுக்கிற வேலை இல்லை, அண்ணே

போன சனிக்கிழமை மகனோடும் மச்சானோடும் வந்தீர்கள். பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். நிர்வாக ஒதுக்கீட்டில் ஏஐ பிரிவில் இடம் பேசியாகிவிட்டது, பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கப் போகிறோம் என்றீர்கள். கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் அது தப்பு. பத்திரத்தை வைக்காதீர்கள். பையன் மனசு நெட்வொர்க்கிங்கில், அதாவது கணினி வலைப்பின்னல் வேலையில் இருக்கிறது.

பையன் மடிக்கணினியைத் திறந்து பாக்கெட் டிரேசரில் (வலைப்பின்னலைத் திரையிலேயே அமைத்துப் பழகும் மென்பொருள்) பத்து ரவுட்டரை ஒரே சுவிட்சில் மாட்டியதைக் காட்டினானே, கவனித்தீர்களா? ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் முறை ஓடுகிறது, ஆனால் பல ரவுட்டர்கள் தங்களுக்குள் ‘டூ-வே’ நிலையிலேயே, அதாவது அறிமுகத்தோடு, நிற்கின்றன. “இது கோளாறா சார்?” என்று கேட்டான். கோளாறில்லை. எல்லோரும் எல்லோரோடும் முழு உறவு வைத்தால் 45 ஜோடி ஆகும். அதனால் முன்னுரிமை எண் பார்த்து ஒரு தலைவரையும் துணைத்தலைவரையும் தேர்ந்தெடுத்து, மற்ற எட்டும் அந்த இருவரோடு மட்டும் தரவுத்தளத்தை ஒத்துப்பார்க்கும். 17 ஜோடியில் வேலை முடிந்தது.

இரண்டே ரவுட்டரை இணைக்கும் நேர்க்கோட்டு (பாயின்ட்-டு-பாயின்ட்) இணைப்பில் தேர்தலே கிடையாது, தேவையும் இல்லை. சிக்கல் தலைமையகம்-கிளை அமைப்பில் வரும். கிளைகளை இணைத்த பழைய ஃப்ரேம் ரிலே காலத்து வலைப்பின்னல்களில், ரவுட்டர் ‘நான் இருக்கிறேன்’ என்று அனுப்பும் ஒரு ஹலோ எல்லோருக்கும் போய்ச் சேராது. பக்கத்து ரவுட்டர்களைக் கையால் எழுதிக்கொடுக்க வேண்டும். கிளைகள் ஒன்றையொன்று நேரடியாகப் பார்க்கவும் முடியாது. அங்கே ஒரு கிளை ரவுட்டர் தலைவராகிவிட்டால் கதை கந்தல். கிளைகளின் முன்னுரிமையைப் பூஜ்யமாக்கலாம், இல்லையென்றால் ஒவ்வொரு கிளையையும் தனி நேர்க்கோடாக நினைக்கும் பாயின்ட்-டு-மல்டிபாயின்ட் வகைக்கு மாறலாம்.

இன்னொன்று. சிஸ்கோ ரவுட்டர்களில் ஒரு முனை பிராட்காஸ்ட் (தேர்தல் நடக்கும் வகை), மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட் என்று இருந்தால், ஹலோ இடைவெளி இரண்டிலும் 10 விநாடிதான் என்பதால் உறவு ‘ஃபுல்’ (முழு உறவு) என்றே காட்டும். பாதை மட்டும் வராது! அனுபவசாலிகளையே சுற்றவிடும் பிழை இது. மச்சான் இதைத்தான் “கேபிள் இழுக்கிற வேலை” என்றார்.

சரி, செலவுக்கு வருவோம். ப்ளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. வேண்டுமென்றால் அங்கேயும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். பயிற்சிக்கு பாக்கெட் டிரேசர் இலவசம், லினக்ஸ் கணினியையே ரவுட்டராக்கும் எஃப்ஆர்ஆர் மென்பொருளும் இலவசம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் சுமார் 300 டாலர், ஆனால் அதை இப்போதே கட்ட வேண்டாம். “எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்” என்று எந்தப் பயிற்சி மையம் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஐ படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசிய அரை மணி நேரமும் உங்கள் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள். நான்கு கிளை, ஒரு தலைமையகம் போட்டுக்கொண்டு வரட்டும். மச்சான் கேட்டால் நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள்.