தேர்தல் முடியட்டும் என்று வீட்டு விற்பனையைத் தள்ளிப்போடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும்.

சிட்னியில் டூங்காபி பக்கம் இரண்டு படுக்கையறை யூனிட் (அடுக்குமாடி வீடு) வாங்கிக் குடியிருக்கிறீர்கள். பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வந்துவிட்டது, வீட்டில் இரண்டாவது குழந்தையும் வரப்போகிறது. ஏழரை லட்சம் டாலர் சுமாருக்கு யூனிட்டை விற்றுவிட்டுத் தனி வீட்டுக்கு மாற நினைக்கிறீர்கள். 2027 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல். "அதற்கு முன்னால் விற்றுவிடுங்கள், அப்புறம் என்ன ஆகுமோ" என்கிறார் ஒரு ஏஜென்ட். "தேர்தல் முடியட்டும், பொறுங்கள்" என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது அக்கா என்பது உங்கள் கேள்வி.

யார் ஜெயிப்பார்கள் என்பதை வைத்துத் தேதி குறிக்காதீர்கள். உங்கள் யூனிட்டை வாங்க வருகிறவர் எந்தச் சலுகையை நம்பி வருகிறார், அதில் இந்தத் தேர்தல் கைவைக்குமா என்று மட்டும் பாருங்கள். என் கருத்து அவ்வளவுதான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நம் ஊர் பயம் இங்கே உதவாது. தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்துவிட்டால் ஆவணம் இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனாலே பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்கூட முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். இங்கே பணம் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகிறது, வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செட்டில்மென்ட், அதாவது மீதிப் பணம் கட்டி வீடு கைமாறுவது, அது பாட்டுக்கு நடக்கும்.

புதிதாக வந்தவர்கள் பலர் குழம்புகிற இடம், எது யார் கையில் இருக்கிறது என்பது. ஸ்டாம்ப் டூட்டி, நில வரி, வாடகைச் சட்டம் எல்லாம் மாநில அரசு. வருமான வரி, விசா, வெளிநாட்டவர் வீடு வாங்கும் விதி எல்லாம் கான்பெரா, அதாவது மத்திய அரசு. வட்டி ரிசர்வ் வங்கி. மாநிலத் தேர்தலைக் காட்டி உங்களை யாராவது வருமான வரி மாற்றத்துக்குப் பயமுறுத்தினால், அவர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார் என்று அர்த்தம்.

மாநிலத் தேர்தல் வீட்டு விற்பனையை நேராகத் தொட்டதற்கு நல்ல உதாரணம் 2023. அப்போதைய லிபரல் முதல்வர் டொமினிக் பெரோட்டே ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். முதல் வீடு வாங்குகிறவர், விலை 15 லட்சம் டாலர் வரை இருந்தால், ஸ்டாம்ப் டூட்டியை மொத்தமாகக் கட்டாமல் ஆண்டுதோறும் ஒரு வரி கட்டலாம். சொந்தக் குடியிருப்புக்கு 400 டாலரும் நில மதிப்பில் 0.3 சதவீதமும். லேபர் கட்சியின் கிறிஸ் மின்ஸ் அதை எடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் தேர்தலுக்கே போனார். மார்ச் 25 அன்று ஜெயித்தார், ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு அந்த வழி மூடப்பட்டது. பதிலுக்கு, முதல் வீட்டுக்கு முழு ஸ்டாம்ப் டூட்டி விலக்கு ஆறரை லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்ந்தது. பகுதிச் சலுகை 10 லட்சம் வரை.

இதை விற்கிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு டவுன்ஹவுஸ் விற்கப் பார்த்தவருக்கு அந்த மாற்றம் அடி, ஏனென்றால் அவரிடம் வரக்கூடிய இளம் தம்பதிகள் மறுபடியும் மொத்த ஸ்டாம்ப் டூட்டியையும் சேமித்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. உங்களைப்போல ஏழரை லட்சத்துக்கு யூனிட் விற்கிறவருக்கோ அதே மாற்றம் அதிர்ஷ்டம். அதே ஊர், அதே தேர்தல், அதே முடிவுதான். ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். பொதுவாகத் "தேர்தலுக்கு முன், தேர்தலுக்குப் பின்" என்று பேசுகிறவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே பிரச்சாரம் தொடங்கியதும் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: முதல் வீடு வாங்குகிறவருக்கான 8 லட்ச வரம்பைப் பற்றி இரு கட்சிகளும் என்ன சொல்கின்றன? தொடவே மாட்டோம் என்றால் நிம்மதியாக உங்கள் வேலையைப் பாருங்கள். உயர்த்துவோம், ஜூலையிலிருந்து அமல் என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால், எட்டரை, ஒன்பது லட்சத்தில் வீடு தேடுகிறவர்கள் ஜூலை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் விலை வரம்புக்குக் கீழே இருப்பதால் உங்களுக்கு அந்தக் காத்திருப்பு அவ்வளவாக வராது.

உங்களிடம் வருகிறவருக்கு இன்னொரு பெரிய உதவி கான்பெராவிலிருந்து. 2025 தேர்தல் பிரச்சாரத்தில் லேபர் கொடுத்த வாக்குறுதி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. முதல் வீடு வாங்குகிறவர் 5 சதவீத முன்பணத்தோடு கடன் வாங்கலாம், வழக்கமான 20 சதவீத முன்பணத்துக்குக் குறைகிற பகுதிக்கு அரசு உத்தரவாதம், கடன் காப்பீட்டுச் செலவு இல்லை. சிட்னிக்கு விலை வரம்பு 15 லட்சம். ஏழரை லட்சம் யூனிட்டுக்கு 20 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம் சேர்க்கவேண்டும், 5 சதவீதம் என்றால் 37,500 போதும். இது மாநிலத் தேர்தலில் யார் வந்தாலும் அசையாது.

யூனிட் என்பதால் முதலீட்டாளர்களும் வருவார்கள். அவர்களை அசைத்தது 2019 மத்தியத் தேர்தல். நெகட்டிவ் கியரிங், அதாவது வாடகைக்கு விட்ட வீட்டின் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரி குறைத்துக்கொள்வது, இனிமேல் புது வீடுகளுக்கு மட்டும்தான் என்று பில் ஷார்ட்டன் தலைமையில் லேபர் அறிவித்திருந்தது. மூலதன ஆதாய வரித் தள்ளுபடியையும் 50-லிருந்து 25 சதவீதமாகக் குறைப்போம் என்றது. லேபர்தான் ஜெயிக்கும் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஓர் ஈழத்துக் குடும்பம் வீட்டை ஏலத்துக்குப் போட்டிருந்தது. நான் போய் நின்றேன். யூகலிப்டஸ் மர நிழலில் ஏலம் விடுகிறவர் குரலை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். நின்றதில் பாதிப்பேர் அக்கம்பக்கத்தவர். கேட்க வந்திருந்தது ஒரே ஒருவர், அவரும் ஒரு தடவை விலை சொல்லிவிட்டுக் கையை ஜேபிக்குள் விட்டுக்கொண்டார். விற்பவர் சார்பில் ஏலக்காரரே ஒரு விலை சொன்னார், அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. வீடு விலைபோகவில்லை. விளம்பரத்துக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். அந்த வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது எனக்கு ரொம்ப மனக்கஷ்டமாக இருந்தது.

மே 18 அன்று லேபர் தோற்றது, லிபரல் பிரதமர் ஸ்காட் மாரிசன் ஜெயித்தார். ஜூலையில் அந்தக் குடும்பம் மறுபடி விளம்பரம் போட்டபோது கூட்டம் வந்தது, வீடும் விற்றது. தெரு முழுக்கத் "தேர்தல் முடிவால்தான்" என்றது. ஆனால் தேர்தல் முடிந்த அதே வாரம், வட்டி குறைந்தது 7 சதவீதம் என்று வைத்தே வங்கிகள் கடன்தகுதி பார்க்கவேண்டும் என்ற விதியைத் தளர்த்தப்போவதாக வங்கிக் கண்காணிப்பு அமைப்பான ஏப்ரா அறிவித்தது. ஜூன் 4 அன்றும் ஜூலை 2 அன்றும் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது. எல்லாம் ஏழு வாரத்துக்குள் வந்ததால் எது எவ்வளவு தூக்கியது என்று பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால் கடன் சுலபமானதுதான் பெரிய காரணம். விலை 2017-இலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது, அப்போது தேர்தல் கிட்டத்தில்கூட இல்லை.

ரிசர்வ் வங்கி தேர்தலுக்காகக் காத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2007 நவம்பரில் பிரதமர் ஜான் ஹோவர்டின் பிரச்சாரம் சூடாக இருந்தபோதே வட்டியை ஏற்றியது. 2022 மே 3 அன்றும் அப்படித்தான், வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது 0.10-லிருந்து 0.35-க்கு ஏற்றியது. உங்கள் யூனிட்டுக்கு வருகிறவர் வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார், முதல்வர் யார் என்று பார்த்து அல்ல.

இப்போது காலண்டர். இதை ஏஜென்ட்கள் சரியாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் தேர்தல் சனிக்கிழமைதான். ஏலமும் வீடு பார்க்க வருவதும் சனிக்கிழமைதான். குடிமக்கள் வாக்களித்தே ஆகவேண்டும், தவறினால் அபராதம். 2025-இல் ஏப்ரல் 18 புனித வெள்ளி, 25 அன்சாக் தினம் (போர் வீரர் நினைவு விடுமுறை), மே 3 தேர்தல். அடுத்தடுத்து மூன்று வாரக்கடைசி வீணானது. பள்ளிக்கூடங்கள்தான் வாக்குச்சாவடி. அன்று ஒரு பள்ளிக்கு எதிரில் இருந்த யூனிட்டை ஒரு ஏஜென்ட் திறந்து வைத்திருந்தார். வேலி முழுக்க வேட்பாளர் பலகைகள், அதற்கு நடுவே விற்பனைப் பலகை. கையில் சாசேஜ் ரொட்டியோடு கூட்டம் கூட்டமாக மக்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நிஜமாக வாங்க வந்தவர்களோ கார் நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

2027-இலும் அதே சிக்கல். மார்ச்சில் தேர்தல், மார்ச் 26 புனித வெள்ளி. ஆகவே மார்ச்சில் ஏலம் வைக்காதீர்கள். ஜனவரி கடைசியில் விளம்பரம் தொடங்கினால் நாலு வாரத்தில், பிப்ரவரிக்குள் விற்பனையை முடிக்கலாம். இல்லாவிட்டால் ஈஸ்டர் கழித்து ஏப்ரலில். குழந்தை பிறக்கும் தேதியைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான 42 நாள் செட்டில்மென்ட்டைக் கூட்டித் தரச்சொல்லியும் கேட்கலாம்.

ஏலம் இல்லாமல் நேரடியாக விற்றால், வாங்குகிறவருக்கு ஐந்து வேலைநாள் பின்வாங்கும் உரிமை இருக்கிறது, 0.25 சதவீதம் இழந்தால் போதும். உங்கள் விலைக்கு அது 1,875 டாலர்தான். பரபரப்பான வாரத்தில் பயந்துபோனவர் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏலத்தில் அந்த உரிமை கிடையாது.

விலை இறங்கிவிடுமோ என்ற பயத்தைப் பற்றி: நீங்கள் விற்கிற ஊரிலேயே வாங்கவும் போகிறீர்கள். யூனிட் 5 சதவீதம் இறங்கி, நீங்கள் பார்க்கிற வீடும் 5 சதவீதம் இறங்கினால், விலை கூடிய வீட்டில் குறைகிற தொகைதான் பெரியது, அது உங்களுக்குத்தான் நல்லது. விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் ஆறேழு மாதம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைப் படிக்கிற, இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. வெளிநாட்டவரும் தற்காலிக விசாக்காரர்களும் பழைய வீடு வாங்கக்கூடாது என்று 2025 தேர்தலுக்கு முன்பு அறிவித்த தடை, 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை என்று சொல்லப்பட்டது. அதற்குள் இருக்கிற வீட்டை விற்றுவிட்டால் இன்னொரு பழைய வீட்டை வாங்க முடியாது, புதிதாகக் கட்டியதற்கு அனுமதி கேட்கவேண்டியிருக்கும். பி.ஆர். கைக்கு வரும்வரை விற்காதீர்கள்.

தம்பி, ஏஜென்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கன்வேயன்சரை, அதாவது வீட்டுப் பத்திர வேலை பார்ப்பவரை, பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் தயாராக இல்லாமல் இந்த மாநிலத்தில் விளம்பரமே போடக்கூடாது. அப்படியே ஸ்ட்ராட்டா (கட்டிட உரிமையாளர்கள் சங்கம்) கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். கூரைக்கோ பால்கனி ஒழுகலுக்கோ சிறப்பு லெவி, அதாவது உரிமையாளர்களிடம் கூடுதல் வசூல், பேச்சு அதில் இருந்தால், வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.