ஓடையில் கழிவு, மேடையில் அறிவுரை

கேள்வி: எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். இங்குள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் கழிவுநீர் ஓடையில் கலந்து நாற்றம் தாங்க முடியவில்லை. அதே ஆலைக்காரர்கள் பள்ளியில் ‘நீர்நிலை காப்போம்’ என்று கட்டுரைப் போட்டி நடத்துகிறார்கள். இவர்கள் மனசார சொல்வார்களா? என் மகனை அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள், அவன் ஓடையைப் பற்றியே எழுதட்டும்.

மனசார சொல்வார்களா என்றால், சொல்லலாம். மைக்கில் பேச வரும் மேனேஜரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே, அவர் வீட்டு போர் தண்ணீரும் கெட்டுப் போயிருக்கலாம். ஆனால் கழிவை நிறுத்துவது அவர் கையில் இல்லை, அதனால் அவர் மனசை ஆராய்ந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. விருது, பாராட்டு எல்லாமும் அப்படித்தான். 2008இல் சத்யம் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்துக்குச் சிறந்த நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கணக்கில் பல ஆயிரம் கோடி பொய் என்று கடிதம் எழுதினார், அப்புறம் விருதைப் பறித்தார்கள்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: சொல்கிற பேச்சால் சொல்கிறவருக்கு ஏதாவது செலவு உண்டா? ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவை வெளுக்க ப்ளீச் பண்ணுகிற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி பளீரென்று இருந்தால்தான் வியாபாரி கை வைக்கிறார், ஒரு ஆலை மட்டும் ரசாயனத்தை நிறுத்தினால் அதன் மூட்டை பழுப்பாகக் குடோனில் தேங்கும். ஆகவே ப்ளீச் போடுகிற ஆலைக்காரரே “எல்லா ஆலையிலும் மாதிரி எடுங்கள், என்னுடையதில் இருந்து ஆரம்பியுங்கள்” என்றால், கை சுத்தமில்லாதவர்தான், இருந்தாலும் நான் நம்புவேன்.

உங்கள் ஊர் ஆலை அப்படிச் சொல்கிறதா? இன்னொன்று, கழிவைச் சுத்திகரிப்பது 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி அவர்கள் கடமை. அதற்குப் பதில் கோப்பையும் சான்றிதழும் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய முடியாது (நம் ஊர்களில் கோப்பையைக் கண்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், அது வேறு கதை).

போட்டி நாளில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து, ஓடையில் விழும் தண்ணீரை எங்கள் முன்னால் மாதிரி எடுத்து, ஆய்வு முடிவைப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டுவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால், திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்ய வேண்டும் என்று மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.