சி.ஆர்.சி. முடிந்த பிறகு என்ன? ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சி.ஆர்.சி. (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சி) உள்ளிட்ட பணியிடைப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எல்லா சி.ஆர்.சி.க்கும் தவறாமல் போகிறேன். கையெழுத்துப் போட்டு, கருத்தாளர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வருகிறேன். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறுவதில்லை. என்னிடம்தான் குறையா?
— இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

உங்களிடம் குறை இல்லை மேடம். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பயிற்சி அறைக்குள் வரவே இல்லை, அதுதான் காரணம். அடுத்த முறை நாலைந்து கணக்கு நோட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் 52 – 27 = 35 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சிவப்பு மையில் தவறு போட்டு, ‘கடன் வாங்கிக் கழி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அதே இருவருக்கும் 41 – 18 கொடுத்துப் பாருங்கள். ஒருவன் 37 என்பான், இன்னொருத்தி 33 என்பாள். முதல் பையன் ஒன்றிலிருந்து எட்டு போகாது என்று எட்டிலிருந்து ஒன்றைக் கழிக்கிறான். அந்தப் பெண்ணுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது, பத்தாம் இடத்தில் ஒன்று குறைந்ததை மறந்துவிடுகிறாள். 52 – 27 என்ற கணக்கில் இரண்டு தவறுக்கும் ஒரே விடை வந்ததால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பையனுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு வேண்டும். நாலு கட்டும் ஒரு உதிரியும் கொடுத்து, ‘எனக்கு எட்டுக் குச்சி கொடு’ என்று கேளுங்கள். கட்டைப் பிரிக்காமல் அவனால் கொடுக்க முடியாது. பிரிக்கும் அந்த நிமிடத்தில்தான் கணக்கு அவனுக்குப் புரிகிறது. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வேண்டாம். 4-ஐ அடித்து மேலே 3 எழுதும் பழக்கம் வந்தால் போதும்.

இந்த இரண்டு நோட்டையும் சி.ஆர்.சி.யில் விரித்து வையுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ‘எங்க கிளாஸ்லயும் இதேதான்’ என்பார்கள். அங்கிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது.

இணையவழிப் பயிற்சியில் வீடியோ ஓடி முடிந்தால் சான்றிதழ் வந்துவிடுகிறது. இதனால் பயன் உண்டா?
— பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), ராமநாதபுரம்

ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் பயிற்சித் திட்டமான நிஷ்தா 2019-இல் நேரடிப் பயிற்சியாகத்தான் தொடங்கியது. கொரோனா வந்ததும் இணையவழிக் கல்விக்கான தீக்‌ஷா தளத்துக்கு மாறியது. அதில் நல்ல பாடங்களும் இருக்கின்றன. ஆனால் விடைத்தாள் திருத்திக்கொண்டே ஓடவிட்டால் ஒன்றும் நிற்காது. எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் முடித்துவிடுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த வாரமே எட்டாம் வகுப்பில் செய்து பாருங்கள்.

நடுநிலைப் பள்ளி எச்.எம். நான். எங்கள் பள்ளிக்குள்ளேயே பயிற்சி மாதிரி ஏதாவது நடத்த முடியுமா? ஆளும் குறைவு, நேரமும் குறைவு.
— தலைமையாசிரியை, திருவாரூர் மாவட்டம்

முடியும். எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி இதுதான். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நீண்ட காலமாகவே இப்படிச் செய்கிறார்கள். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்ற இருவரும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு மூவரும் பேசுவார்கள்.

உங்கள் பள்ளியில் மாதம் ஒரு பீரியட் போதும். அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒருவரிடம் விட்டுவிடுங்கள். பார்க்கிறவர்கள் ஆசிரியர் என்ன செய்தார் என்று எழுதக் கூடாது. பிள்ளை என்ன சொன்னான், எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தான், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதினானா, இவற்றைத்தான் எழுத வேண்டும். பேச உட்காரும்போது பாடம் நடத்தியவரே முதலில் பேசட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் மேடம். அந்தக் குறிப்பு எந்தப் பதிவேட்டுக்கும் போகக் கூடாது. ஆய்வு என்ற வாடை வந்தால் ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார்கள். முதல் பாடத்தை நீங்களே நடத்துங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். பயம் போய்விடும்.

தனியார் பள்ளியில் வேலை. எங்களை எந்தப் பயிற்சிக்கும் அனுப்புவதில்லை.
— ஆசிரியை, கோவை

உங்களுடையது சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே நடத்தலாம் என்றும் விதி இருக்கிறது. அதைச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். மெட்ரிக் பள்ளியானாலும், மேலே திருவாரூர் மேடத்துக்குச் சொன்னதை இரண்டு பேர் சேர்ந்தே செய்யலாம், பணம் காசு எதுவும் வேண்டாம்.

வயது 48. இருபது வருட சர்வீஸ். இப்போது போய் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதச் சொல்கிறார்களே சார்?
— இடைநிலை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் வருத்தம் நியாயமானது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்துக்கும் குறைவாக இருந்தால் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்கு டெட் வேண்டும். அதன் பிறகு வந்த நிலவரத்தைச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், படிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றிலும் 30. குழந்தை வளர்ச்சிப் பகுதியை மனப்பாடம் செய்யாமல், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இருபது வருட அனுபவம் கைகொடுக்கும் இடம் அது. மற்றபடி, தேர்வில் தேர்ச்சி பெறுவது வேறு, தொழிலில் வளர்வது வேறு. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பு நிலையிலேயே (எழுத்துகளைக் கற்கும் தொடக்க நிலை) சிலர் இருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி எல்லாம் முடித்துவிட்டேன். குற்ற உணர்வாக இருக்கிறது.
— ஆசிரியை, தென்காசி மாவட்டம்

குற்ற உணர்வு வேண்டாம்மா. அந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள். பலர் ‘கொக்கு’ என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்று வாய் போய்விடுகிறது, பின்னால் வரும் காலைத் தனியாகப் படிக்கிறார்கள். ஒகர, ஓகார வரிசையை மட்டும் இரண்டு வாரம், தினமும் பத்து நிமிடம் பாருங்கள். எழுத்தட்டையில் கொம்பு, ககரம், கால் மூன்றையும் சேர்த்து ஒட்டி ஒரே எழுத்தாகக் காட்டுங்கள்.

புதிதாக ஆசிரியர் பயிற்றுநர் ஆகியிருக்கிறேன் சார். பயிற்சியில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?
— ஆசிரியர் பயிற்றுநர், கிருஷ்ணகிரி மாவட்டம்

தம்பி, அவர்களில் பலர் உங்களைவிட அதிக வருடம் கரும்பலகை முன் நின்றவர்கள். ஸ்லைடு போட்டு அவர்களை நிறுத்திவைக்க முடியாது. மையமாக இருக்கும் பள்ளியிலேயே காலையில் ஒரு வகுப்பை நீங்கள் நடத்துங்கள், அவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். பாடம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, பேச விஷயம் கிடைத்துவிடும். பயிற்சி முடிந்து பத்து நாளுக்குள் இரண்டு மூன்று பள்ளிக்காவது நேரில் போங்கள். போகும்போது படிவம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். ‘அன்னைக்குப் பார்த்ததை செஞ்சு பாத்தீங்களா, எங்க சிக்குச்சு?’ என்று மட்டும் கேளுங்கள்.