முதலில் டேப்பை எடுங்கள்: வாடகை வீட்டு இடநெருக்கடி, கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறையின் அளவே இல்லை. அளவோடு எழுதியவருக்கு முதல் மரியாதை.

பெட்ரூம் 10-க்கு 10. கட்டில் குயின் சைஸா, கிங் சைஸா? மூன்றடி அகல ஸ்டீல் பீரோ ஒன்றும் இருக்கிறது.

குயின். பிளானில் 10 அடி என்று போட்டிருந்தாலும் சுவர்ப்பூச்சில் ஓர் அங்குலம் போய்விடும். குயின் கட்டிலைச் சட்டத்தோடு சேர்த்து 63 அங்குலம் என்று வையுங்கள். ஒரு சுவரை ஒட்டிப் போட்டால் எதிர்ப்பக்கம் 56 அங்குலம் மிஞ்சும். அதில் பீரோவின் ஆழத்துக்கு 20 போக, நடக்க மூன்றடி. பீரோ கதவு ஒன்றரை அடி வெளியே வரும், திறந்துவைத்துக்கொண்டு நிற்கலாம். கிங் சைஸ் என்றால் நடைபாதை இரண்டடிதான். கட்டில்மேல் உட்கார்ந்துதான் புடவை எடுக்க வேண்டும். அறைக்கதவு உள்பக்கம் எவ்வளவு தூரம் திறக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அளந்துகொள்ளுங்கள்.

கிச்சனில் இடமே இல்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.

எத்தனை அடி மேடை, எத்தனை ஷெல்ஃப், வீட்டில் எத்தனை பேர்? ஒன்றும் சொல்லாமல் வழி கேட்டால் எந்த ஊருக்கு வழி சொல்வது? எல்லோருக்கும் பொருந்துவது ஒன்றுண்டு. வட்ட டப்பாக்களைச் சதுர டப்பாக்களாக மாற்றுங்கள். வட்டம் ஷெல்ஃபில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைச் சும்மா விடுகிறது. மூன்று பேர் வீட்டுக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் வேண்டாம், ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். மிச்சத்தை அளந்து எழுதுங்கள், பார்க்கலாம்.

ஒட்டும் கொக்கிகள் பத்து நாளில் பெயிண்டோடு பெயர்ந்து வருகின்றன. நல்ல கம்பெனி எது?

கம்பெனிமேல் குற்றமில்லை. கொக்கி சுவரைப் பிடிப்பதில்லை, பெயிண்டைப் பிடிக்கிறது. டிஸ்டெம்பர் அடித்த சுவர் எந்தக் கொக்கியையும் தாங்காது. டைல்ஸ், கண்ணாடி, ஸ்டீல் பீரோவின் பக்கவாட்டு, இங்கேதான் ஒட்ட வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாமல் விடுங்கள். கழற்றும்போது இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் தானே இளகி வரும்.

கீழே ஸ்டோரேஜ் உள்ள ஹைட்ராலிக் கட்டில் வாங்கினால் இடம் மிச்சமாகுமா? பார்ட்டிகிள் போர்டு என்பதால் விலையும் குறைவு.

மாதத்துக்கு நான்கு பேர் இதையே கேட்கிறீர்கள். வாடகை வீட்டுக்கு வேண்டாம். கடைக்காரர் சொல்லாததைச் சொல்கிறேன்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. அதில் திருகு முதல் முறை நன்றாகப் பிடிக்கும். வீடு மாற்றக் கழற்றி மாட்டினால் சுமாராகப் பிடிக்கும். அடுத்த முறை துளை தூளாகக் கொட்டும். உங்கள் அக்ரிமென்ட்டோ 11 மாதம்!

அடுத்தது ஈரம். பெட்டிக்கட்டிலின் அடிப்பலகை தரையோடு ஒட்டி நிற்கும். தினம் மாப் போடும் வீட்டில் ஓரத்து லேமினேஷன் வழியே தண்ணீர் இறங்கி ஓரங்கள் அப்பளம்போல் உப்பும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் அடங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிச்சுவர் பக்கம் போட்டிருந்தால் காற்றே போகாத அந்தப் பெட்டிக்குள் பட்டுப்புடவை, கம்பளி எல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, தூக்கும் விசை. பலகையைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ராடுகளை ஒரு குறிப்பிட்ட மெத்தை எடைக்குக் கணக்கிட்டுப் போட்டிருப்பார்கள். ஃபோம் மெத்தைக்குப் போட்ட ராடில் கனமான தென்னைநார் மெத்தையை வைத்தால் பலகை பாதியில் நிற்கும், இல்லையென்றால் கைமேல் இறங்கும். மெத்தை, போர்வை, தலையணை எல்லாவற்றையும் தூக்கித்தான் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் திறப்பீர்கள். அதற்குப் பரண் போதாதா?

ஒரு அடிக்குக் குறையாத கால் உள்ள இரும்புக் கட்டில் வாங்குங்கள். அடியில் சக்கரம் வைத்த மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் நாலைந்து. தரையிலிருந்து குறுக்குச் சட்டத்தின் அடிவிளிம்பு வரை அளந்து, அதைவிட ஓர் அங்குலம் குறைவான உயரத்தில் பெட்டி எடுங்கள். சக்கரத்தையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். பெருக்கலாம், துடைக்கலாம், காற்று போகும். அடுத்த வீட்டுக்கும் அப்படியே வரும். வெளிச்சுவர் பக்கமென்றால் சுவருக்கும் கட்டிலுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். பீரோவுக்கும் அதே இரண்டு அங்குலம்தான்.

கட்டிலுக்கடியில் இன்வெர்ட்டர் பேட்டரியை வைக்கலாமா?

கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

சிலிண்டரை மேடைக்கடியில் வைத்துக் கதவு போட்டு மறைத்துவிட்டோம். சரிதானே?

கதவில் தரைமட்டத்தில் துளைகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் இன்றே கதவைக் கழற்றுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, அடியில்தான் தேங்கும். அதனால் மேலே மட்டும் துளைகள் வைப்பதில் பயனில்லை. உள்ளே பிளக் பாயின்ட் கூடாது, பழைய பேப்பர் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூபில் வருஷம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் மட்டும் விளையாடாதீர்கள்.

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினை பால்கனி மூலையில் வைக்கலாமா? 2 அடி அகலம் இருக்கிறது.

மெஷினே 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. அதிர்வுக்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது வேண்டும். பின்னால் ஹோஸுக்கு நாலு அங்குலம், முன்னால் கதவு திறக்க ஒன்றரை அடி. ஆக உங்கள் மூலையில் நிற்காது. வேறு இடம் கிடைத்தால் ஒன்று கவனியுங்கள். தண்ணீர் வெளியேறும் ஹோஸின் வாயைத் தரையில் போடாமல் இரண்டு, மூன்றடி உயரத்தில் மாட்ட வேண்டும். தாழப் போட்டால் நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானே வடிந்துகொண்டிருக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள்.

ஹவுஸ் ஓனர் இரண்டே இரண்டு துளை போடத்தான் சம்மதித்தார். எங்கே போடலாம்?

சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? அட்வான்ஸ் திரும்பும் நாளில் கைகொடுக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். பக்கவாட்டில் அரையடி தள்ளுங்கள். மேல்பூச்சே அரை அங்குலம். திருகுக்காகத் துளையில் செருகும் பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லில் உட்காரும்படி இரண்டு அங்குல ஆழம் போங்கள்.

பரணில் புத்தக மூட்டைகள் வைத்தால் தாங்குமா?

மூன்று பக்கமும் சுவரில் உட்கார்ந்த பரண் வேறு, ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் பரண் வேறு. இரண்டாவது வகையில் கனத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளுங்கள், நுனியில் தலையணை மட்டும். புத்தகம் ஒரு அடி நீள அடுக்குக்கே பத்து கிலோவை நெருங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பரணில் விரிசல் வந்தால் மேல்பக்கம், சுவரோடு சேரும் இடத்தில் வரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.