பவுடரில் பி.வி.பி. இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் காம்பேக்ட் பவுடரிலும் ஹேர் ஜெல்லிலும் பி.வி.பி. என்று போட்டிருக்கிறது. அது பிளாஸ்டிக், தோல் வழியாக இறங்கி உடம்பிலேயே தங்கிவிடும் என்கிறாள் தோழி. நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். பி.வி.பி. என்பது பாலிவினைல் பைரோலிடோன். செயற்கைப் பாலிமர்தான், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஆனால் தண்ணீரில் கரையும். பல வருடம் அழகுசாதனத் தயாரிப்பில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பாலிதீன் பையோடு இதை ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் ஜெல்லையே கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். தெளிவான படலமாகப் படியும், நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். ஈர விரலை வைத்தால் இளகி, பிசுபிசுத்து, கரைந்து போகும். முடியை நிறுத்துவதும் பவுடர்த் துகள்களைப் பிடித்து வைப்பதும் அந்தப் படலம்தான். மாத்திரை பொடிந்து போகாமல் இருக்கவும் இதையே சேர்க்கிறார்கள். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினில் அயோடினைத் தாங்கி நிற்பதும் இதுதான்.

உங்கள் தோழி சொல்வது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில், ரத்தம் இழந்தவர்களுக்குப் பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தின் திரவப் பகுதிக்கு) பதிலாக பி.வி.பி. கரைசலை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். பெரிய மூலக்கூறுகளைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியவில்லை. அவை திசுக்களில் தேங்கின. அது உண்மை. ஆனால் அது ஊசி வழியாக உள்ளே போனது. ஆரோக்கியமான தோலின் மேல் தடவும்போது அதே பெரிய உருவம்தான் உங்களுக்குக் காவல்: ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த சங்கிலி, தோலைத் தாண்டி இறங்காது.

நான் கவலைப்படுவது ஸ்ப்ரேயைப் பற்றித்தான். ஹேர் ஸ்ப்ரேயை நிறைய சுவாசித்தவர்களின் நுரையீரலைப் பற்றி 1950-களின் கடைசியில் மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். பி.வி.பி.தான் காரணம் என்று உறுதியாகவில்லை. இருந்தாலும் எந்த ஸ்ப்ரேயும் மூச்சோடு உள்ளே போக வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணை மூடி மூச்சை அடக்கி அடியுங்கள், அப்புறம் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் ஜெல்லே போதும்.

ஒவ்வாமை அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. போவிடோன் (மருந்துகளில் பி.வி.பி.யின் பெயர்) கலந்த மருந்தால் முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஈரக் காற்று அடிக்கும் நாளில் ஜெல் போட்ட முடி ஒட்டுகிறது. வறண்ட நாளில் பொடுகு மாதிரி உதிர்கிறது. ஜெல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பி.வி.பி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால் ஒட்டுகிறது. நன்றாகக் காய்ந்தால் படலம் முறுகி, சீப்புப் பட்டதும் உடைந்து உதிரும். அளவைக் குறைத்துப் பாருங்கள். அடுத்த முறை வி.பி./வி.ஏ. கோபாலிமர் (வினைல் பைரோலிடோனோடு வினைல் அசிடேட்டும் சேர்த்துக் கோத்த பாலிமர்) என்று போட்டிருக்கும் ஜெல்லாக வாங்குங்கள். அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது.